நாலு மணிக்கு உள்ளே போனவள்

பம்பலப்பிட்டியில், காலி வீதியைப் பார்த்தபடி மூன்றாம் மாடியில் இருந்த அந்தச் சரக்குக் கப்பல் கொம்பனியின் கந்தோரில் சாப்பாடு காணாமற்போகத் தொடங்கியது மாசி மாதத்தில். முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒருவருடைய மீன் அடைத்த மாலு பாண் இரண்டு, இன்னொருவருடைய கட்லட், வேறொருவருடைய யோகட். பிறகு, பிறந்தநாள் கேக்கில் மிஞ்சியிருந்த பாதி ஒரே பின்னேரத்தில் இல்லாமற்போனது. அன்றிலிருந்து ஆளை ஆள் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. பிரிட்ஜைத் திறக்கிறவர்கள் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத் திறந்தார்கள்.

எடுத்தது யாரென்று சுதர்சினிக்குத் தெரியும். எடுத்தது அவள்தான்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. பதினாலு வருடமாக அங்கே ஏற்றுமதிப் பத்திரங்களைப் பார்க்கிறாள். அவள் கை பட்ட பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிழையும் இருக்காது என்று பெயர். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடி வீட்டில் கணவன் சுமனோடு இருந்தாள். மார்கழியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனி எல்லையில் வந்து நின்றது. பத்துக் கிலோவாவது குறைக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதே நேரத்தில்தான், கந்தோர் நிர்வாகத்தைப் பார்க்கும் ரொஷேல் தை மாதம் ‘மெலியிற போட்டி’ ஒன்றைத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் நிறை பார்க்கும் மெசினில் ஏறுவார்கள். குறைந்த கிலோ சுவரில் உள்ள வெள்ளைப் பலகையில் எழுதப்படும்.

சுதர்சினி காலைச் சாப்பாட்டை விட்டாள். மத்தியானத்துக்கு வெள்ளரிக்காயும் முட்டை வெள்ளைக்கருவும். இரவில் ஒரு கோப்பை சூப். ஐந்து கிழமையில் ஆறு கிலோ போனது. பலகையில் அவள் பெயர்தான் மேலே. பழைய சட்டைகள் தோளில் தொங்கின. மரைன் ட்ரைவில் காலையில் நடக்கும்போது தெரிந்தவர்கள் நின்று கேட்டார்கள், என்ன செய்தீர்கள் என்று. அந்தக் கேள்வி இன்னொருதரம் காதில் விழட்டும் என்றே அவள் இன்னும் கொஞ்சத் தூரம் கூடுதலாக நடந்தாள்.

ஆறாம் கிழமை ஒரு திங்கட்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு, தண்ணீர் எடுக்கப் பிரிட்ஜ் இருந்த பேன்ட்ரிக்குப் போனாள். யாரோ வாங்கி வைத்த மாலு பாண் இரண்டு கடதாசிப் பையில் இருந்தன. ஒரு கடி மட்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. பிறகு நினைவிருப்பது, பக்கத்துக் கோப்பு அறையில், இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் நின்றபடி இரண்டாவதையும் விழுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பசி என்று சொல்ல முடியாது. வாய் ருசி பார்க்கவில்லை. கை தன்பாட்டில் போய் வந்தது. வயிறு நிறைந்த பிறகும் கை நிற்கவில்லை. கைப்பையில் யாருக்கோ கொடுக்க வைத்திருந்த பிஸ்கட் பக்கற்றும் முடிந்த பிறகுதான் மூச்சு வந்தது. அதோடு வெட்கமும் வந்தது.

அடுத்த நாள் அதற்குத் தண்டனையாக வெள்ளரிக்காயையும் விட்டாள். அதற்கடுத்த நாள் நாலு மணிக்கு அது திரும்பி வந்தது.

இப்படியே போனது. உறைகளையும் கடதாசிகளையும் பழைய கோப்புப் பெட்டிகளுக்குப் பின்னால் செருகி வைப்பாள், வீட்டுக்குப் போகும்போது எடுக்கலாம் என்று. ஒருநாள் எடுக்க மறந்துபோனாள். மறுநாள் விடியற்காலையே வந்து பார்த்தபோது பெட்டிகளுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

யார் எடுத்திருப்பார்கள்? ரொஷேலாக இருக்குமோ. அவள் இரண்டு நாளாக மத்தியானம் பிரிட்ஜைத் திறந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மனேஜர் ஹபீஸாக இருக்குமோ. ஆனால் அவர் கண்ணாடி அறையை விட்டு வெளியே வருவதே குறைவு. எடுத்தவர் ஏன் ஒன்றும் கேட்கவில்லை? எதற்காகக் காத்திருக்கிறார்? அன்று முழுவதும் யாராவது சிரித்தால் தன்னைத்தான் என்று நினைத்தாள். யாராவது சிரிக்காவிட்டாலும் அப்படித்தான் நினைத்தாள்.

அன்று பின்னேரம் வெள்ளையம்மா பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். வெள்ளையம்மாதான் அந்தக் கந்தோரில் தேநீர் போடுகிறவள், கூட்டுகிறவள், பேன்ட்ரிச் சாவி வைத்திருக்கிறவள். ஹட்டன் பக்கத்திலிருந்து இருபது வருடத்துக்கு முதல் வந்து கொட்டாஞ்சேனையில் குடியிருந்தாள். அங்கே இரண்டு தெரு தள்ளி இருந்த ரொஷேல்தான் அவளை வேலைக்குக் கூட்டி வந்தாள். கோப்பையை வைத்துவிட்டு வெள்ளையம்மா சுதர்சினியின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். வாய் ஓரத்தைப் பார்த்தாளோ என்று சுதர்சினிக்குத் தோன்றியது. கையால் துடைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து வெள்ளையம்மா வரும்போதெல்லாம் கணினியைப் பார்த்தபடியே இருந்தாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சுமன் நல்லவன். மெலிந்ததைப் பாராட்டுவான். ஆனால் அலமாரியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டால் அறை வாசலில் வந்து நிற்பான். பிஸ்கட் ரின் இடம் மாறியிருந்தால் அவன் எண்ணிப் பார்த்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றும். “என்ன பாக்கிறீங்கள்?” என்று ஒருநாள் எரிந்து விழுந்தாள். “ஒண்டுமில்லை. ஏன், உம்மை நான் பாக்கக் கூடாதோ?” என்றான். அந்தப் பதிலையும் அவள் நம்பவில்லை.

பங்குனியில் நோன்பு தொடங்கியது. கப்பல் வேலை கூடிய நாட்களில் ஹபீஸும் இன்னும் இரண்டு பேரும் கந்தோரிலேயே நோன்பு திறப்பார்கள். ஹபீஸின் மனைவி ஸீனத் தெமட்டகொடையிலிருந்து நீல மூடி போட்ட பெட்டியில் சமோசாவும் ரோல்ஸும் கொடுத்து அனுப்புவாள்.

ஒரு வியாழக்கிழமை. அடுத்த நாள் நிறை பார்க்கும் நாள் என்று சுதர்சினி காலையிலிருந்து தண்ணீர் மட்டுமே குடித்திருந்தாள். நாலு மணிக்குக் கொஞ்சம் முந்தி பேன்ட்ரிக்குள் போனாள். நீல மூடியைக் கண்டாள். அது யாருடையது, எதற்காக வைத்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பெட்டியோடு கோப்பு அறைக்குள் போனாள். வெறும் பெட்டியை மூடி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். வெளியே வரும்போது, கழுவ வேண்டிய கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வெள்ளையம்மா உள்ளே போனாள்.

ஐந்து மணிக்கு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். நடந்தது மறுநாள் காலையில்தான் தெரிய வந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்ன பிறகு ஹபீஸ் பெட்டியைத் திறந்திருக்கிறார். பார்த்துவிட்டு மூடியிருக்கிறார். கீழ்க் கடையில் பேரீச்சம்பழமும் தண்ணீர்ப் போத்தலும் வாங்கி மூன்று பேரும் நோன்பு திறந்திருக்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மெசினை யாரும் வெளியே எடுக்கவில்லை. ரொஷேல் நேரே சுதர்சினியின் மேசைக்கு வந்தாள். முகம் இறுகியிருந்தது.

“சுதா, நீங்கதானே பேன்ட்ரிக்குக் கிட்ட இருக்கிறீங்க. நேத்து நாலு மணி போல ஆர் உள்ள போனது?”

சுதர்சினி கையிலிருந்த பத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: “வெள்ளையம்மா போனவ. நாலு மணி இருக்கும்.”

சொன்னதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது.

பேன்ட்ரி வாசலில் எல்லாரும் பார்க்கத்தான் விசாரணை நடந்தது. ஹபீஸ் சத்தம் போடவில்லை. “சாப்பாடு போனது பெரிசில்ல. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. வெறும் பெட்டிய மூடி வெச்சதுதான் எனக்கு வெளங்குதில்ல” என்றார்.

“நான் அந்தப் பெட்டிய தொடவே இல்லங்க சேர்” என்றாள் வெள்ளையம்மா.

“வேற ஆருமே உள்ள போகல்லயே” என்றாள் ரொஷேல். வேலைக்குக் கூட்டி வந்தவள் என்ற வெட்கம் அவள் குரலைக் கூர்மையாக்கியிருந்தது.

வெள்ளையம்மா சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சுதர்சினியிடம் வந்தபோது பார்வை நின்றது. இப்போது சொல்லப்போகிறாள் என்று சுதர்சினி நினைத்தாள். அவள் சொல்லவில்லை. சாவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பின்படியால் இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு எட்டு வேலை நாள் ஒன்றும் காணாமற்போகவில்லை. பயத்தில் சுதர்சினி பேன்ட்ரிப் பக்கமே போகாமல் இருந்தாள். ஒன்பதாம் நாள் ரொஷேல் பெருமூச்சு விட்டுச் சொன்னாள்: “பாத்தீங்களா, அவ போனாப் பிறகு எல்லாம் சரியாயிட்டுது. நான்தான் நம்பி மோசம் போனது.”

சுதர்சினி அந்த எட்டு நாளையும் எண்ணிப் பார்த்தாள். அவள் தன்னைக் கட்டுப்படுத்திய ஒவ்வொரு நாளும் வெள்ளையம்மாவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இன்றைக்கே பிரிட்ஜிலிருந்து எதையாவது எடுத்துத் தின்றால், கள்ளி வேறு யாரோ என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று ஒரு யோசனை வந்தது. அதை நியாயம் என்றுகூட நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் அதிலும் சந்தேகம் வந்தது. இது வெள்ளையம்மாவுக்காக வந்த யோசனையா, அல்லது நாலு மணி ஆகிவிட்டதா? மணிக்கூட்டைப் பார்த்தாள். நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

இன்னொரு யோசனை அதைவிட மோசமாக இருந்தது. எல்லாவற்றையும் எடுத்தது தான்தானா? அந்த யோகட்டை எடுத்தது நினைவில் இல்லையே. வெள்ளையம்மாவும் ஒன்றிரண்டு எடுத்திருக்கலாமே. இரண்டு நாள் இந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். சனிக்கிழமை மத்தியானம் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போன இடத்தில் சீனிச்சம்பல் அடைத்த பணிஸ் ஆறு வாங்கி, மரைன் ட்ரைவ் மதிலில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து ஆறையும் சாப்பிட்டாள். ஆறாவதின் கடைசித் துண்டு தொண்டையில் நிற்கும்போது, யோகட்டை எடுத்ததும் நினைவுக்கு வந்தது. வனிலா யோகட். கரண்டி இல்லாமல் விரலால் சாப்பிட்டது.

வீட்டுக்குப் போகவில்லை. கோட்டைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள்.

கோவில் தெருவுக்குப் பின்னால், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு. வெள்ளையம்மா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். சுதர்சினியைக் கண்டதும் எழும்பவில்லை. வரச் சொல்லவும் இல்லை.

“வெள்ளையம்மா, அது நான்தான்” என்றாள் சுதர்சினி. “எல்லாம் நான்தான் எடுத்தனான்.”

“தெரியுங்க.”

“எப்பயிலிருந்து?”

“மொதல்லயே தெரியும். அந்தப் பெட்டிக்குப் பின்னால காகிதத்த யாரு அள்ளுனதுன்னு நெனச்சீங்க? எறும்பு வந்தா என்னையத்தானே ஏசுவாங்க. அள்ளிக் கொண்டுபோயி வெளியே போட்டேன்.”

“அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?”

வெள்ளையம்மா பிழிந்த துணியை உதறினாள். “சொன்னா? நீங்க இல்லன்னு சொல்லுவீங்க. உங்கள நம்புவாங்க. அப்புறம் நான் களவெடுத்தவ மட்டும் இல்ல, பொய்க்காரியும் ஆயிருவேன். ரொஷேல் மிஸ் இந்தத் தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. கடைக்குப் போனா அந்தக் கடைக்காரி என் கையப் பாக்குறா.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“இங்க வந்து என்கிட்ட மட்டும் சொல்லுறதுல ஒண்ணும் இல்லங்க. என்னைய எங்க நிக்க வச்சுக் கேட்டாங்களோ அங்க நின்னு சொல்லுங்க.” பிறகு, குரல் கொஞ்சமும் இளகாமல், “முடியாட்டி இனிமே இங்க வராதீங்க” என்றாள்.

அன்று பின்னேரமே சுமனிடம் சொன்னாள். அவன் அதிர்ச்சியடைவான் என்று எதிர்பார்த்தாள். அவன் எழும்பிப் போய் அறை அலமாரியைத் திறந்து, சேலைகளுக்குப் பின்னால் கைவிட்டு, அவள் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் பக்கற்றுகளை எடுத்துக் கட்டிலில் வைத்தான்.

“ஒரு மாசத்துக்கு முதலே கண்டனான்” என்றான். “கேட்டால் நீர் இன்னும் நல்லா ஒளிப்பீர் எண்டு பயம். உமக்கு வேற ஏதோ பெரிய நோய் வருத்தம், எனக்குச் சொல்லாமல் மறைக்கிறீர் எண்டும் ஒரு சந்தேகம். கந்தோர்ச் சாப்பாட்டு விசயம் எனக்குத் தெரியாது.”

“அருவருப்பா இருக்கோ?”

“வெள்ளையம்மாவுக்கு நடந்ததை நினைச்சால் எனக்கு உம்மில கோவம்தான் வருது” என்றான் சுமன். “அதை நான் மறைக்கேல்லை.”

திங்கட்கிழமை காலை பேன்ட்ரி வாசலில் நின்று சொன்னாள். முதல்நாள் முழுவதும் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. “கட்லட், யோகட், கேக், சேரின்ட நோன்புச் சாப்பாடு, எல்லாம் நான். வெள்ளையம்மா ஒண்டையும் தொடேல்லை. தெரிஞ்சுகொண்டு அவவின்ட பேரை நான்தான் சொன்னனான்.” பின்வரிசையில் யாரோ இளித்துச் சிரித்தது கேட்டது. போட்டியில் அவள்தானே முதலாவது.

ரொஷேலின் முகம் வெளுத்தது. “நான் அந்த மனுசிய தெரு முழுக்க நாறடிச்சிட்டேன் சுதா” என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு அந்த நேரமே வெளியே போனாள். வெள்ளைப் பலகையை அழித்ததும் அவள்தான் என்று பிறகு சொன்னார்கள்.

ஹபீஸ் தன் அறைக்குக் கூப்பிட்டார். “நோன்பு தொறக்கிற சாப்பாடுன்னு தெரியுமா?”

“தெரியும் சேர்.”

“இது ஏதும் வருத்தமா?”

“தெரியாது. வருத்தம் எண்டு சொல்லித் தப்ப விருப்பமில்லை.”

அவர் மேசைமேல் இருந்த பேனையைக் கொஞ்ச நேரம் உருட்டினார். “சாப்பாட்ட நான் அப்பவே விட்டுட்டேன். மத்தது வெள்ளையம்மா தீர்க்க வேண்டியது, நான் இல்ல. நீங்க ஒரு டொக்டர்ட காட்டுங்க. லீவு வேணும்னா எடுங்க.”

பொரளைப் பக்கம் ஒரு சிறிய கிளினிக்கில் தனுஷியா என்று ஒரு பெண் இருந்தாள். இந்தப் பிரச்சினைக்கென்றே ஆட்களைப் பார்க்கிறவள். சுதர்சினியைவிடப் பத்து வயது குறைவாக இருப்பாள். சுதர்சினி சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு கேட்டாள்:

“காலமை என்ன சாப்பிடுறனீங்கள்?”

“ஒண்டுமில்லை.”

“மத்தியானம்?”

“வெள்ளரிக்காய். சில நாள் அதுவுமில்லை.”

“அப்ப நாலு மணிக்கு வராமல் வேற எப்ப வரும்?”

சுதர்சினி அவளை நம்பவில்லை. காலையில் இரண்டு துண்டு பாணும் பருப்பும், மத்தியானம் சோறும் கறியும், மூன்றரைக்கு ஒரு வாழைப்பழம். இதைச் சாப்பிட்டு யார் மெலிந்தார்கள்? நிறை மெசினை ஒரு மாதத்துக்குப் பூட்டி வைக்கச் சொன்னபோது சந்தேகம் இன்னும் கூடியது. தன்னைத் தேற்றி அனுப்புகிறாளோ என்று நினைத்தாள். மூன்றாம் கிழமை கள்ளமாக மெசினில் ஏறிப் பார்த்தாள். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. அன்றைக்கே போய்த் தனுஷியாவோடு சண்டை பிடித்தாள்.

“கூடும் எண்டு சொன்னனான்தானே” என்றாள் தனுஷியா. “நாலு மணிக்கு எத்தினை நாள் வந்தது?”

யோசித்துப் பார்த்தாள். அந்தக் கிழமை ஒரு நாள். அதற்கு முதல் கிழமை இரண்டு நாள்.

“சீனிக்கு மெலியத்தான் வேணும். அதை ஆறுதலாப் பாப்பம். முதல்ல இது” என்றாள் தனுஷியா.

வெள்ளையம்மா, சுதர்சினி உண்மையைச் சொல்லி இரண்டு கிழமை கழித்துத்தான் வேலைக்கு வந்தாள். ரொஷேல் மூன்று தரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கடைக்காரிக்கு முன்னாலும் ஒருதரம், வெள்ளையம்மா எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. வந்தவள் பேன்ட்ரிச் சாவியை வாங்க மறுத்துவிட்டாள். சாவி இப்போது ரொஷேலின் மேசை லாச்சியில் இருக்கிறது. எல்லாருக்கும் தேநீர் வருகிறது, சுதர்சினியின் மேசைக்கு மட்டும் வருவதில்லை. அவள் தானே போய் ஊற்றிக்கொள்கிறாள். போகும்போது வழியில் இருக்கிறவர்களின் கண் கூடவே வருவது தெரியும். முந்தி அவளாகக் கற்பனை செய்த பார்வை இப்போது உண்மையாகவே இருந்தது. விசித்திரம் என்னவென்றால், அதைத் தாங்குவது முந்தியதைவிடச் சுலபமாக இருந்தது.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது மறுபடி வந்தது. சுமன் சலூனுக்குப் போயிருந்தான். காலையில் சாப்பிட்டுத்தான் இருந்தாள். ஆனால் தங்கச்சியோடு போனில் சண்டை பிடித்திருந்தாள். ஒரு பெரிய பக்கற் மிக்சரும் அரை ரின் பால்கட்டியும் முடிந்த பிறகு, வெறும் பக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்றாள். சேலைகளுக்குப் பின்னால் இடம் இருந்தது. பக்கற்றை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

சுமன் வந்து கண்டான். அவள் அவன் கேட்கும் வரைக்கும் காத்திருக்கவில்லை. “இப்பத்தான். முழுக்க” என்றாள்.

“தனுஷியாவுக்குச் சொல்லுவமோ?”

“நாளைக்கு நானே சொல்லுறன்.”

“சரி.” அவன் கூடையிலிருந்து வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினான். “இரவைக்குச் சாப்பாட்டை விடக்கூடாது எண்டு சொன்னவ. இடியப்பத்துக்குச் சொதி வைக்கட்டே?”

அவன் முகத்தை ஒருதரம் சந்தேகத்தோடு கூர்ந்து பார்த்தாள். ஏமாற்றம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள். கொஞ்சம் இருந்தது போலத்தான் இருந்தது. அவன் அதை ஒளிக்கவில்லை. அவள் எழும்பி மற்றக் கத்தியை எடுத்துக்கொண்டு சொதிக்குத் தேங்காய் உடைக்க இடம் பார்த்தாள்.